மோந்து பார்க்கும் தங்கம்

பாத்ரூமில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் பயமில்லை. எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் சீயக்காய்க்குப் போகாது, அதுவும் அந்த முடிக்கு, இரண்டு கை நல்லெண்ணெயைக் குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்கிற முடிக்கு. வேண்டுமென்றுதான் அவ்வளவு எண்ணெய் வைத்தேன். வெயில் தாங்கமாட்டாய், சூடு பிடித்துவிடும், உறையூர் வெயில் உங்கள் ஊர் வெயில் மாதிரி இல்லை என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி உட்காரவைத்தேன், உச்சியில் எண்ணெயை வைத்து அழுத்தும்போது சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னேன், "கழுத்துல கெடக்கறதக் கழட்டி வை, எண்ண பட்டா வீணாப் போயிடும்." அவள் கொஞ்சம் யோசித்தாள். மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை மோந்து பார்த்தாள். பிறகு தலை வழியாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினாள். "வெச்சுக்கோ அக்கா," என்றாள். மேஜையில் வைத்திருக்கலாம், ஜன்னலில் வைத்திருக்கலாம், என் கையில் ஏன் வைத்தாள். அவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறாள் என்றால் அது ஒன்றுக்கும் உதவாத பொருள் என்று அவளுக்கே தெரியும், அப்படித்தானே இருக்கவேண்டும். அவள் ஊர் கொழும்பு என்றாலும் புரியும், இது கொலம்பியா, உலகத்தின் அந்தப் பக்கம், அங்கே பிறந்த யாமிலே இன்றைக்கு என் வீட்டு பாத்ரூமில் என் சோப்புப் பெட்டியை உருட்டிக்கொண்டிருக்கிறாள், என் தம்பி குருவின் பெண்டாட்டி. தம்பி இல்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுபோய்விட்டது. அங்கேயே எரித்து, சாம்பலை ஒரு மரப்பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்தாள், போன வாரம் அம்மா மண்டபம் படித்துறையில் காவிரியில் கரைத்தோம். நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அழுதேன், பக்கத்தில் இவள் அழவில்லை. நின்றாள், பெட்டியைக் கவிழ்த்தாள், பிறகு கழுத்தில் தொங்குகிற இதை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

இதை என்றால் இந்தப் பறவையை. கட்டைவிரல் நீளம் இருக்கும், இறக்கையை விரித்து அலகைக் கீழே தொங்கப்போட்டிருக்கிறது, கழுகா கொக்கா என்று சொல்ல முடியாத ஒரு பறவை, பழைய கறுப்புக் கயிற்றில் கோர்த்தது. தங்கம் என்கிறாள். தங்கம் இந்த நிறத்திலா இருக்கும். செங்கல்லைத் தேய்த்த மாதிரி சிவப்பு, ஓரங்களில் கருத்து, மட்டமான பஞ்சலோகத்தைக்கூட இதைவிட நன்றாகச் செய்வார்கள். ஆனால் கனக்கிறது, அதுதான் உறுத்துகிறது, உள்ளே ஈயம் ஊற்றியிருப்பார்களோ. முப்பது வருஷம் பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான், பரீட்சை ஹாலில் செண்பகவல்லி டீச்சர் மேற்பார்வை என்றால் பிட் கொண்டுவந்தவள் எல்லாம் வாசலிலேயே கசக்கி எறிந்துவிடுவாள். தாவணி முனையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவளிடம் கட்டாயம் ஏதாவது இருக்கும், இது என் அனுபவம். இவள் ஒருநாளைக்கு எத்தனை தடவை மோந்து பார்க்கிறாள் என்று நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். காபி குடிக்குமுன், போன் பேசிவிட்டு வைத்ததும், படுக்கும்போது. உள்ளே பொடி எதுவும் அடைத்திருக்கிறதோ என்றுகூட நினைத்தேன், அந்த ஊர் பற்றிப் பேப்பரில் வருவதெல்லாம் அதுதானே, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாகிவிட்டது, சத்தமில்லை. நானும் மோந்து பார்த்தேன். பழைய தாமிரச் சொம்பின் வாசனை, அதோடு கொஞ்சம் உப்பு, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு, அழுக்குச் சட்டைக் காலர் மாதிரி. சீ என்று எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் மூக்கில் ஒட்டிக்கொண்டே இருந்தது, என்னவோ தெரிந்த ஒன்று மாதிரி, பெயர் வாயில் வராத ஆள் மாதிரி.

இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறாள், நல்லது. எனக்கு வேண்டியது இந்தப் பறவை இல்லை. எனக்கு வேண்டியது அம்மாவின் சங்கிலி. ரெட்டை வடம், நடுவில் உருண்டை வைத்தது, அம்மா அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை, அம்மா போன பிறகு அது எனக்கு வந்திருக்கவேண்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள், எனக்குக் கல்யாணம் காட்சி இல்லை, குருவுக்குக் காற்றாலைக் கம்பெனியில் நல்ல சம்பளம். நான்தான் அவன் கையில் கொடுத்தேன். அந்த ஊர்ப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றான், சரி கட்டிக்கொள், ஆனால் நம் வீட்டுப் பெண் என்று தெரியவேண்டும், அவள் கழுத்தில் இதைப் போடு என்றேன். தலையை ஆட்டினான். கல்யாணப் படம் வந்தது, கழுத்து மொட்டை. திருவிழாப் படம், கடற்கரைப் படம், எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன், எதிலும் இல்லை. கேட்டால், "பத்திரமா இருக்கு அக்கா, தெனமும் அதப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்," என்பான். பொய் சொல்கிறான் என்று தெரியும், சின்ன வயசிலிருந்தே பொய் சொல்லும்போது குரல் ரொம்ப இனிக்கும். விற்றுவிட்டார்கள். இல்லை, அவன் விற்கமாட்டான், அவள் விற்றிருப்பாள், அவள் வீட்டில் ஒரு மாமா இருக்கிறார், மெழுகில் உருவம் செய்து அதில் தங்கம் வார்க்கிறவர், அவர் கைக்குப் போன சங்கிலி திரும்பி வருமா. அவன் இருந்தபோது கேட்டுச் சண்டை போட்டிருக்கலாம். இப்போது அவனும் இல்லை, சங்கிலியும் இல்லை, எனக்கென்று அவனுடையதாக ஒரு குண்டூசி இல்லை, இவள் மட்டும் இருக்கிறாள், அடுத்த வாரம் இவளும் போய்விடுவாள். வந்த நாளிலிருந்து ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். சங்கிலி என்றால் புரியாதவள் மாதிரி சிரிக்கிறாள். அவள் பேசுகிற தமிழ் முழுக்கக் குரு சொல்லிக்கொடுத்தது, "அட சும்மா இரு அக்கா" என்று அவன் இழுக்கிற அதே இழுப்பு, அவன் என்னை நீ என்பான், அதனால் இவளும் நீ என்கிறாள், சமையலறையிலிருந்து கேட்டால் ஒரு கணம் நெஞ்சு தூக்கிவாரிப் போடுகிறது. யாருக்குத் தெரியும், வேண்டுமென்றே அப்படிப் பேசி என்னை இளக்குகிறாளோ என்னவோ.

கடைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமே என்றால், கழுத்தை விட்டு இறங்கினால்தானே. தவிர பெரியகடைத் தெருவில் எல்லாரும் தெரிந்தவர்கள், தம்பி பெண்டாட்டி நகையை உரசிப் பார்க்க வந்திருக்கிறாள் டீச்சர் என்று மறுநாள் ஊர் பேசும். எனக்கே தெரிந்த சோதனை இருக்கிறது, நெருப்பு. அசல் என்றால் நெருப்பில் கருக்காது, கவரிங் என்றால் முகத்தைக் காட்டிவிடும். இடுக்கியை எடுத்தேன், அடுப்பைப் பற்றவைத்தேன், பற்றவைத்ததும் பாருங்கள், இந்த நேரத்திலா அவன் பேச்சு நினைவுக்கு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் வீடியோ போட்டுப் பேசுவான், அவளுடைய ஜனங்களைப் பற்றித்தான் பேச்செல்லாம், செனூ என்று ஒரு பழங்குடியாம், ஆற்றோரத்தில் வாழ்ந்தவர்களாம், வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னாலேயே தங்கத்தில் கம்பி இழுத்துக் காதுக்குச் சல்லடை மாதிரி தோடு செய்தவர்களாம். மியூசியத்திலிருந்து படம் அனுப்புவான், தவளை, முதலை, வாயையே மூடுகிற மாதிரி அகலமான மூக்குத்தி, அதை ஆம்பிளைகள் போட்டுக்கொள்வார்களாம். எப்படிச் சாப்பிடுவார்கள் என்றேன். "தூக்கிட்டு சாப்புடுவாங்க அக்கா," என்றான். தங்கத்தைப் பெட்டியில் பூட்டிவைக்கமாட்டார்களாம், போட்டுக்கொள்வார்கள், ஆட்டத்துக்கு எடுப்பார்கள், ஆள் செத்தால் கூடவே புதைத்துவிடுவார்கள். எனக்கு வயிறெரிந்தது, யாருக்கு லாபம் என்று கேட்டேன், "செத்தவனுக்கு," என்றான். இன்னொரு நாள் சொன்னான், அந்தக் கடலோரத்து ஆட்களுக்குச் சுத்தத் தங்கத்தின் மேல் அவ்வளவு மதிப்பில்லையாம், அதில் செம்பைக் கலந்தால்தான் மதிப்பாம். ஏன் என்றால் சிவக்கும், வாசனை வரும். "மோந்து பாப்பாங்க அக்கா, நெசமா. நம்ம தங்கத்த மோந்து பாரு, ஒண்ணுமே வராது, கண்ணாடி மாதிரி. செம்பு இருந்தாத்தான் அது ஒடம்போட சேரும்." கலப்படத்துக்கு இப்படியெல்லாம் ஒரு விளக்கமா என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "கப்பல்ல வந்த வெள்ளக்காரங்களும் இதத்தான் சொன்னாங்க. கைக்குக் கெடச்சதும் மொதல் வேலையா நெருப்புல போட்டுப் பாத்தாங்க, செம்புன்னு தெரிஞ்சதும் ஏமாத்திட்டானுங்கன்னு அந்த ஜனங்களையே திட்டினாங்க." செம்பு கலந்தால் திட்டாமல் கொஞ்சுவார்களா என்றேன். அப்போதும் அவன் சட்டைக்குள்ளே கறுப்புக் கயிறு ஒன்று தெரிந்தது, மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் பேசுவான், சிலுவை மாட்டிக்கொண்டுவிட்டானோ என்று நான் இரண்டு நாள் தூங்கவில்லை, கேட்கவும் தைரியம் வரவில்லை.

இடுக்கியில் பிடித்து நீலச் சுவாலையில் காட்டினேன். கயிற்றை அவிழ்த்திருக்கவேண்டும், முடிச்சு இறுகிக் கல்லாய்க் கிடந்தது, நகம் போகவில்லை, தள்ளித் தொங்கவிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன், பர்னர் சூட்டுக்கு அது சுருண்டு வந்து பற்றிக்கொண்டது. ஊதுவதற்குள் போயிற்று. முடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம், எத்தனை வருஷத்து அழுக்கோ. போகட்டும், கயிறுதானே, பூக்கடையில் கேட்டால் கொடுப்பான், அவிழ்ந்து கீழே விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். சாம்பலை விரலால் வழித்துத் தொட்டியில் கழுவிவிட்டேன். பறவையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன், முதலில் நிறம் இருண்டது, பிறகு ஒரு மயில்கழுத்து நீலம் ஓடியது, பிறகு அலகு கருத்தது, இறக்கை கருத்தது, கடைசியில் அடுப்புக்கரி. பார்த்தாயா. பார்த்தாயாடா குரு, நெருப்பில் வைத்ததும் முகத்தைக் காட்டிவிட்டது, உன் பெண்டாட்டி போட்டிருக்கிற தங்கம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு, ஹாலில் ஒருத்தியைக் கையும் களவுமாகப் பிடித்தால் வருமே அதே சந்தோஷம், முதுகு நிமிர்ந்துவிட்டது. செம்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தங்கம் என்று திரிகிறவள் அசல் தங்கத்தை வைத்திருப்பாளா, விற்றிருப்பாள், அந்த மாமாவும் இவளும் சேர்ந்து. கேட்கவேண்டும். இன்றைக்கு நேராகக் கேட்கவேண்டும். சந்தோஷம் அடங்கியதும்தான் இடுக்கியில் இருப்பதைப் பார்த்தேன். கரிக்கட்டையாக இருக்கிறதே, இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது.

பாத்ரூமில் சத்தம் நின்றது. நின்றது என்றால் தலை துவட்டுகிறாள் என்று அர்த்தமா. இல்லை, திரும்பவும் வாளியில் குழாயைத் திறக்கிறாள், இன்னும் எண்ணெய் போகவில்லை, எண்ணெயே நீ நன்றாயிரு. கறுத்த செம்புக்கு என்ன செய்வோம், புளி. ஒரு உருண்டை புளியை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, கல்லுப்பு போட்டு, தண்ணீரில் கரைத்து அடுப்பில் ஏற்றினேன், பறவையைப் போட்டேன். கொதித்தது. எடுத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன், இடுக்கெல்லாம் தேய்த்தேன், இறக்கைக்கு அடியில் தேய்த்தேன், கரி கரைந்து ஓடியது. பழைய சிவப்பு வந்துவிட்டால் போதும் சாமி என்று தேய்க்கிறேன், சிவப்பு வரவில்லை. மஞ்சள் வருகிறது. கண்ணை இடுக்கிப் பார்த்தேன், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். மஞ்சள். திட்டுத் திட்டாக இருந்த இடத்தை மறுபடி நெருப்பில் காட்டி மறுபடி புளியில் போட்டேன், அப்போது இன்னும் மஞ்சள், என் கழுத்துச் சங்கிலியைவிட மஞ்சள், அம்மாவின் சங்கிலி வெயிலில் நிற்கும்போது இருக்குமே அந்த மஞ்சள். அப்படியென்றால் உள்ளே தங்கம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. எனக்குச் சமாதானம் ஆகவேண்டும் இல்லையா, ஆகவில்லை. ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கு இவ்வளவு தங்கம் எங்கிருந்து வந்தது. புதைகுழியைத் தோண்டுகிறவர்கள் உண்டு என்று குரு சொல்லியிருக்கிறான், செத்தவன் மார்பிலிருந்து எடுத்ததாக இருக்குமோ, அதையா என் வீட்டு அடுப்பில், நான் ரசம் வைக்கிற கிண்ணத்தில். இல்லை, பழையது இல்லை, ஓரங்கள் கூராக இருக்கின்றன. அப்படியானால் யாருடைய தங்கம். கேள்வி வந்து எதிரில் நின்றது. பதிலும் பக்கத்திலேயே நின்றது, நான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. மோந்து பார்த்தேன். புளி வாசனை. கழுவிவிட்டு மறுபடி மோந்தேன். ஒன்றுமில்லை, கண்ணாடி மாதிரி.

தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலில் நிற்கிறாள்.

"என்ன வாசன அக்கா, ரசமா?"

நான் கையை முந்தானைக்குள் கொண்டுபோனேன், ஆனால் அவள் பார்த்துவிட்டாள். மாணவிகள் ஏன் அப்படித் திருதிருவென்று விழிப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கையை நீட்டினாள், கொடுத்தேன்.

"மஞ்சளாயிடுச்சு," என்றாள். கோபமில்லை. "நெருப்பு வெச்சியா?"

"அழுக்கா இருந்துச்சு. அதான் தேச்சு வெக்கலாம்னு."

"மாமா இப்படித்தான் பண்ணுவாரு. நெருப்புல காட்டி, புளிப்பு எல ஒண்ணு இருக்கு, அந்தச் சாறுல போட்டு, மறுபடி நெருப்பு. பழைய ஜனங்க பண்ணினது. செம்பு மேல இருந்து போயிடும், தங்கம் மட்டும் நிக்கும். கடைக்கு விக்கறதெல்லாம் அப்படித்தான்." பறவையைத் திருப்பினாள். "இதுக்கு வேண்டாம்னுட்டான் குரு. செவப்பாவே இருக்கட்டும்னான்."

அவள் அமைதி என்னை உசுப்பிவிட்டது. இத்தனை வருஷம் நாக்கு நுனியில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "எங்கம்மா சங்கிலி எங்க யாமிலே? எங்க வித்தீங்க?"

விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கியது, விளங்கியதும் அவள் முகத்தில் வந்தது இரக்கம் என்றுதான் சொல்லவேண்டும், என் மேல்.

"இதான் அக்கா."

"எது?"

"இதான் உங்கம்மா. எங்கம்மாவோட செம்புப் பானை ஒண்ணு, ஓட்டையானது, அதுல கொஞ்சம் வெட்டி, சங்கிலிய மொத்தமாப் போட்டு மாமா உருக்கினாரு. ரெண்டு வீடும் ஒண்ணுன்னு. கல்யாணத்தன்னிக்கு நான்தான் அவன் கழுத்துல போட்டேன். ஒங்கிட்ட சொல்லலியா அவன்? நீ திட்டுவன்னு பயந்திருப்பான்." சிரிக்கப் பார்த்தாள். "டவர் மேல ஏறும்போது, தூங்கும்போது, குளிக்கும்போதுகூட கழட்ட மாட்டான். வேர்வைல ஊறி ஊறிக் கெடக்கும். தூக்கிட்டு ஓடின ஆஸ்பத்திரில கழட்டி எங்கையில குடுத்தாங்க. அப்பவும் சூடா இருந்துச்சு."

சொல்லிக்கொண்டே மூக்கருகே கொண்டுபோனாள். மோந்தாள். திருப்பி மோந்தாள். நான் பிரஷ் போட்ட இறக்கைக்கு அடியில் மோந்தாள், விட்டுவிட்டு மறுபடி இழுத்து மோந்தாள்.

"கயிறு எங்க அக்கா?"

நான் தொட்டியைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை, நன்றாகத்தான் கழுவியிருந்தேன். வாயைத் திறந்தேன், கீழே விழுந்தது என்று சொல்வதாக இருந்ததைச் சொல்லப்போனேன், வரவில்லை. அவள் என் கண் போன இடத்தைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்.

"போயிட்டான்," என்றாள்.

காவிரியில் அழாதவள் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். துண்டு அவிழ்ந்து ஈரமுடி தரையில் விழுந்தது, நான் அரைமணி நேரம் ஏமாற்றி எண்ணெய் வைத்த முடி. முதலில் வந்தது, இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, கோபம்தான், என்னிடம் சொல்லியிருக்கலாமே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தொட்டிருப்பேனா. பிறகு அதுவும் வடிந்துபோயிற்று. ஒரு தடவை அது என் மூக்குக்கு வந்ததே, தெரிந்த வாசனையாக இருந்ததே, வெயிலில் விளையாடிவிட்டு வந்து என் மடியில் தலைவைத்துப் படுப்பானே அந்த வாசனை, நான் சீ என்றேன். அவன் இத்தனை தூரம் கடல் தாண்டி என் உள்ளங்கைக்கு வந்தான், நான்தான் அவனைப் புளி போட்டுத் தேய்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு யாரையும் தொட்டுப் பழக்கமில்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் முதுகில் வைத்தேன், அவள் அப்படியே சாய்ந்து முகத்தை என் கழுத்தில் புதைத்தாள். அழுகையில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கொஞ்ச நேரத்தில் அது மெதுவாக நின்றது, சட்டென்று நின்ற மாதிரி இருந்தது, மூச்சை இழுத்தாள், என் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு இடத்தில், இன்னொரு தடவை இழுத்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி அதே இடத்தில் முகத்தை வைத்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நாங்கள், ஒரே வீட்டுச் சோறு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, நகரவில்லை.

என் சங்கிலியைக் கழற்றி அதில் பறவையைக் கோர்த்தேன். "நீ ஊருக்குப் போறவரைக்கும் இது எங்கழுத்துல கெடக்கட்டும்," என்றேன், "போகும்போது எடுத்துட்டுப் போ." அவளுக்குப் பாதி புரிந்தது, மீதியைக் கண்ணால் கேட்டாள். ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டேன், சில்லென்று நெஞ்சில் பட்டது. எழுந்துபோய் ஹாலில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினேன், ஜன்னல்களைச் சாத்தினேன், வந்து அடுப்புக்குப் பக்கத்தில் அவளோடு உட்கார்ந்தேன்.

"ஏன் அக்கா, வேர்க்குமே," என்றாள்.

"வேர்க்கட்டும்," என்றேன்.